ஜப்பானிய அனிமேயில் படைத்தவர் நினைக்காத கிறிஸ்தவக் கருக்கள்: எப்படித் தேடுவது, எங்கே தவறுவோம்? (கதைமுடிவுகள் பேசப்படுகின்றன)

சிற்றோடை (கேள்வி):

கலந்துரையாடல் ஒன்றுக்குக் குறிப்பு தயாரிக்க வேண்டியிருக்கிறது. கிறிஸ்தவத்தை மனத்தில் வைக்காமல் எழுதப்பட்ட அனிமே கதைகளில் கிருபை, பாவமன்னிப்பு, பதிலாள் பலி, உயிர்த்தெழுதல் போன்றவை தாமாக வந்து நிற்கும் இடங்களைக் காட்டுவதுதான் நோக்கம். தேடினால் கிடைக்கிற பட்டியல் ஒவ்வொன்றும் ‘எவாஞ்செலியன்’ சிலுவையில் ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறது.

சிலுவை, சிறகு, ஒளிவட்டம் எல்லாம் சான்றாகுமா? அடுத்தவருக்காக உயிரைக் கொடுக்கிற பாத்திரம் இரண்டில் ஒரு தொடரில் வருகிறதே, அத்தனையையும் கிறிஸ்தவக் கரு என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கே மதிப்பு போய்விடாதா? கோட்டை எங்கே போடுவது? ஆங்கில சப்டைட்டிலை எவ்வளவு தூரம் நம்பலாம்? நன்றாகத் தெரிந்தவர்கள் காட்சி, எபிசோடு எண்ணோடு சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

---

மூன்றாம்_சட்டகம்:

சின்னங்களைப் பட்டியலிலிருந்து முதலிலேயே எடுத்துவிடுங்கள். அவை ஒன்றுக்கும் உதவாதவை என்று சொல்லவில்லை. தேடலை அவற்றில் தொடங்கினால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், கதையின் உள்ளே போகாது.

‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்செலியன்’ (1995–96, 26 எபிசோடு) இதற்குச் சரியான பாடம். உதவி இயக்குநர் த்சுருமாகி கசுயா இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்: ராட்சத ரோபோ கதைகள் ஜப்பானில் ஏராளம், அவற்றிலிருந்து தனித்துத் தெரிய இந்தச் சின்னங்கள் உதவின, கிறிஸ்தவம் அங்கே சிறுபான்மை மதம் என்பதால் பார்ப்பவருக்கு ஒரு மர்மம் தோன்றும், வேலை பார்த்தவர்களில் கிறிஸ்தவர் யாரும் இல்லை, சிலுவைக்குத் தனிப்பொருள் ஏதும் கிடையாது. சின்னங்களின் மூலத்தைத் தேடிப் போனாலும் வேதாகமத்தில் போய் நிற்காது. மூன்று மாகி கணினிகளின் பெயர்கள் மெல்கியோர், பல்தாசர், காஸ்பர். மத்தேயு 2ஆம் அதிகாரத்தில் சாஸ்திரிகளின் பெயரும் இல்லை, மூன்று பேர் என்ற கணக்கும் இல்லை. இரண்டும் பிற்கால மரபு. யோவான் 19:34இல் விலாவில் குத்திய போர்ச்சேவகனுக்குப் பெயர் கிடையாது. தொடரில் வரும் ஈட்டிக்கு வைத்த லோங்கினுஸ் என்பது, வேதாகமத்தில் சேராத தள்ளுபடி நூலிலிருந்து வந்த பெயர். எதிரிகளின் பெயர்களில் சாண்டல்போன் யூத மரபிலிருந்தும் இஸ்ராபெல் இஸ்லாமிய மரபிலிருந்தும் எடுத்தவை. தொடக்கப் பாட்டில் தெரிகிற மரம் கபாலா என்ற யூத மறைஞான மரபினுடையது. நாலு கடையில் வாங்கிய நகைகளை ஒரே கழுத்தில் போட்டிருக்கிறார்கள். அழகாக இருக்கிறது; ஆனால் கழுத்துக்கு உரியவள் யார் என்பதை நகை சொல்லாது.

அப்படியானால் எங்கே தேடுவது? ஒவ்வொரு நல்ல கதைக்கும் தனக்கென்று ஒரு சட்டம் இருக்கும். அதை ஒரே வரியில் எழுதுங்கள். பிறகு அந்தச் சட்டம் முறிகிற இடத்தை, அல்லது சட்டத்துக்கு மேல் ஏதோ ஒன்று கூடுதலாக நடக்கிற இடத்தைத் தேடுங்கள். அங்கே மூன்று கேள்வி: விலை கொடுப்பவர் யார்? பெறுபவர் யார்? பெறுபவருக்கு அதைச் சம்பாதிக்க வழி இருந்ததா? மூன்றாவதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால்தான் கிருபையைப் பற்றிப் பேச இடமே உண்டு. வெறும் உயிர்த்தியாகம் இந்த மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலும் விழும்.

‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்’ (2009–10, 64 எபிசோடு) எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தைக் கதையே தொடக்கத்தில் அறிவித்துவிடுகிறது: சமபரிமாற்றம். ஒன்றைப் பெற அதே மதிப்புள்ள ஒன்றை இழக்க வேண்டும். பலரும் கடைசி எபிசோடுகளில் நாயகன் எட்வர்டுக்காக அவன் தம்பி அல் தன்னைக் கொடுப்பதைக் காட்டி ‘இதோ பலி’ என்பார்கள். கணக்கைப் பாருங்கள். தொடக்கத்தில் தம்பியின் ஆன்மாவைக் கவசத்தில் கட்டிவைக்க எட்வர்ட் கொடுத்த விலை அவன் வலக்கை. இப்போது அல் ஆன்மாவைத் திருப்பிக் கொடுக்கிறான், கை திரும்பி வருகிறது. வாங்கிய பொருளைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறுவது போன்றது இது. மனம் உருகும் காட்சிதான், ஆனால் சட்டம் அப்படியே நிற்கிறது.

அதற்குப் பிறகு வருகிற காட்சியைத்தான் குறிப்பில் வைக்க வேண்டும். அல்லை மீட்க வழி தெரியாமல் எல்லோரும் திகைத்து நிற்கும்போது தகப்பன் ஹோஹென்ஹைம் முன்வருகிறார். தன்னிடம் மிச்சம் இருக்கும் ஒரே உயிரை விலையாக வைத்துத் தம்பியை மீட்டுக்கொள் என்கிறார். எட்வர்ட் கண்ணீரோடு திட்டி மறுத்துவிடுகிறான். இழந்தது எங்கள் தவறால், அதற்கு நீ உயிரைக் கொடுப்பதா என்பது அவன் வாதம். தகப்பன் மகனுக்காகத் தன்னைக் கொடுக்கும் வாசல் திறந்தே இருந்தது. கதை தெரிந்தே அதைச் சாத்துகிறது. கடைசியில் எட்வர்ட் கொடுப்பது தன் ரசவாத ஆற்றல் முழுவதையும். அதுவும் விலைதான். ஆகவே மீட்புக் காட்சியைச் சிலுவையோடு இணைத்து எழுதினால் தவறாகிவிடும். மாறாக, ‘இந்தக் கதை பதிலாள் பலியை ஏன் மறுக்கிறது?’ என்று கேட்டால் நல்ல விவாதம் பிறக்கும்.

கிருபையின் சாயல் எங்கே என்றால், போர் எல்லாம் முடிந்த பிறகு, 64ஆம் எபிசோடில். பத்து பெற்றால் தன்னுடையது ஒன்றைச் சேர்த்துப் பதினொன்றாகத் திருப்பிக் கொடுப்பது என்று அல் ஒரு புதுக் கணக்கு சொல்கிறான். பிறகு ரயில் நிலையத்தில் எட்வர்ட், என் வாழ்க்கையில் பாதியைத் தருகிறேன், உன் பாதியைத் தா என்று தன் சிறுவயதுத் தோழி வின்ரியிடம் சமபரிமாற்ற முறையில் கேட்கிறான். அவள் அதை அபத்தம் என்று தள்ளிவிட்டு, முழுவதையுமே தருகிறேன் என்கிறாள். உடனே கூச்சப்பட்டு எண்பத்தைந்து சதவீதம் வரை இறங்கி வருகிறாள், அது வேறு. 64 எபிசோடு தாங்கிய சட்டம் அந்த ஒற்றை வாக்கியத்தில் விழுகிறது. பேரம் பேசாமல் முழுவதும் தருவது. சிலுவையும் இல்லை, சிறகும் இல்லை, ஒரு ரயில் நடைமேடை மட்டும்.

---

தாமரைக்குளம்:

மேலே சொன்ன மூன்று கேள்வியோடு நான்காவதாக ஒன்றைச் சேருங்கள்: இதே கரு ஜப்பானின் சொந்த மரபில் ஏற்கெனவே இருக்கிறதா? இதைக் கேட்காததால்தான் இந்த வகைக் கட்டுரைகளில் பாதி சாய்ந்துவிடுகின்றன.

பதிலாள் என்ற கருத்துக்கு ஜப்பானில் ‘மிகவாரி’ என்று பழைய சொல் இருக்கிறது. பக்தனின் துன்பத்தைத் தான் ஏற்றுக்கொள்ளும் ‘மிகவாரி ஜிசோ’ என்ற போதிசத்துவர் சிலைகளைப் பற்றிய கதைகள் அங்கே ஏராளம். தன் முயற்சியால் மீள முடியாதவனை வெளியிலிருந்து வரும் அருள் மீட்கும் என்பதும் புதிதல்ல. ஷின்ரான் (1173–1263) வழிவந்த சுகாவதி பௌத்தத்தில் அதற்குத் ‘தரிகி’, அதாவது பிறர் ஆற்றல், என்று பெயர். நல்லவனே மீட்கப்படும்போது தீயவன் மீட்கப்படுவதைக் கேட்கவும் வேண்டுமா என்பது அந்த மரபின் புகழ்பெற்ற கருத்து. கேட்டால் ரோமர் நிருபத்தின் பக்கத்து வீட்டுக் குரல் போலவே இருக்கும். எனவே சம்பாதிக்காத அருள் என்று ஒரு காட்சியில் கண்டதும் ‘கிறிஸ்தவம்’ என்று முத்திரை குத்தாதீர்கள். சுகாவதி மரபு வணங்கும் அமிதா புத்தரும் அங்கே வாசலில் நிற்கிறார்.

இதைப் பயன்படுத்திப் பார்க்கச் சிறந்த தொடர் ‘மடோகா மாஜிகா’ (2011, 12 எபிசோடு, இயக்கம் ஷின்போ அகியுகி, எழுத்து உரோபுச்சி கென்). சட்டம்: ஒரு விருப்பம் எவ்வளவு நம்பிக்கையைத் தருகிறதோ அவ்வளவு விரக்தியும் பின்னால் வரும், விருப்பம் நிறைவேற ஒப்பந்தம் செய்து சூனியக்காரிகளோடு போரிடும் சிறுமி ஒருநாள் தானே சூனியக்காரி ஆவாள். 12ஆம் எபிசோடில் நாயகி மடோகா கேட்பது: எல்லாச் சூனியக்காரிகளையும், அவர்கள் பிறப்பதற்கு முன்பே, கடந்த காலம் எதிர்காலம் எல்லாவற்றிலும், தன் கையாலேயே இல்லாமல் ஆக்க வேண்டும். எல்லோருடைய சாபமும் அவள்மேல் வந்து சேர்கிறது. அதிலிருந்து பிறக்கும் சூனியக்காரியையும் அவளே அழிக்கிறாள். பிறகு உலகத்தின் நினைவிலிருந்தே மறைந்துபோகிறாள். விலை கொடுத்தது அவள், பெற்றவர்கள் சம்பாதிக்கவில்லை. மூன்று கேள்வியும் தேறிவிட்டது. ‘நமக்காகச் சாபமானார்’ என்ற கலாத்தியர் 3:13 நினைவுக்கு வருவது இயல்பு.

ஆனால் நான்காவது கேள்வியைக் கேளுங்கள். முதலில், அவளுக்கு அவ்வளவு ஆற்றல் எப்படி வந்தது? அவள் தோழி ஹோமுரா காலத்தை மீண்டும் மீண்டும் திருப்பியதால் பல காலக்கோடுகளின் வினைத்தொடர்பு இழைகள் மடோகாவைச் சுற்றிப் பின்னிக்கொண்டன என்று 11ஆம் எபிசோடில் விளக்கம் வருகிறது. அங்கே வரும் ஜப்பானியச் சொல் ‘இன்கா’. நேரான பௌத்தச் சொல், காரணமும் பலனும். அடுத்து, அவள் மாறிய பிறகு உலகம் என்ன ஆகிறது? துன்பம் தீரவில்லை. சிறுமிகள் இன்னமும் போரிட்டுச் சாகிறார்கள். மாறியது கடைசி நொடி மட்டும்: உயிர் பிரியும் வேளையில் மடோகா வந்து, விரக்தியை வாங்கிக்கொண்டு அழைத்துப் போகிறாள். இதற்கு ஜப்பானிய ஓவிய மரபில் ‘ரைகோ’ என்று ஒரு வகையே இருக்கிறது: சாகும் பக்தனை எதிர்கொண்டு அழைக்க அமிதா மேகத்தில் இறங்கி வரும் ஓவியங்கள். கடைசி எபிசோடை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் சிலுவையைவிட ரைகோ ஓவியம்தான் அதிகம் பொருந்தும்.

அதற்காகக் குறிப்பிலிருந்து எடுக்க வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எது எங்கே பொருந்தவில்லை என்று காட்டுங்கள். சாபத்தை ஏற்பது கலாத்தியருக்கு அருகில். மரண வேளையில் வந்து அழைப்பது ரைகோவுக்கு அருகில். உயிர்த்தெழுதல் எங்குமே இல்லை.

இந்தத் தொடரில் ஒரு பொறியும் இருக்கிறது. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தால் கடைசி எபிசோடுகள் தள்ளிப்போய், ஏப்ரல் 21 நள்ளிரவு தாண்டி, நாள்காட்டிப்படி 22ஆம் தேதி ஒளிபரப்பாயின. அந்த ஆண்டு பெரிய வெள்ளி ஏப்ரல் 22. கேட்டால் சிலிர்க்கும். ஆனால் தேதியை முடிவு செய்தது நிலநடுக்கமும் அதையடுத்த ஒளிபரப்பு மாற்றமும்தான். கதைக்குள் எதையும் அது நிரூபிக்காது. தற்செயலைக் கருவாக எண்ணாதீர்கள்.

---

சொல்லகழி:

சப்டைட்டில் பற்றிக் கேட்டிருக்கீங்க. நேரா சொல்றேன்: ஆங்கில சப்டைட்டிலையோ டப்பிங்கையோ மட்டும் வச்சு இந்த வேலையைச் செய்யாதீங்க. ஆங்கிலம் இரண்டாயிரம் வருஷக் கிறிஸ்தவச் சொற்களைச் சுமந்துக்கிட்டு நிக்கிற மொழி. மொழிபெயர்ப்பாளர் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாம ஒரு சொல்லைப் போட்டாலே அதுக்குத் தேவாலய வாசனை வந்துடும்.

ஒரு உதாரணம், பிரதர்ஹுட்லயே இருக்கு. லியோர் ஊர்ல மக்களை ஏமாத்துற மதத்தலைவர் ஆங்கிலத்துல ‘ஃபாதர் கொர்னெல்லோ’. கடைசி வில்லனும் ஆங்கிலத்துல ‘ஃபாதர்’. ரெண்டையும் இணைச்சு, ‘பொய்யான பிதா’ அப்படின்னு ஒரு கருவைக் கட்டிடலாம் போலத் தோணும். ஜப்பானிய ஒலித்தடத்தைக் கேளுங்க. கொர்னெல்லோவை ‘க்யோஷு’ன்னு கூப்பிடுவாங்க: மதத்தலைவர். வில்லனை ‘ஓதோசாமா’ன்னு கூப்பிடுவாங்க: பிள்ளைங்க அப்பாவை மரியாதையோட அழைக்கிற சொல். ரெண்டுக்கும் ஒரு எழுத்துத் தொடர்பு கூடக் கிடையாது. அந்தப் பாலம் முழுக்க ஆங்கிலத்துல கட்டினது.

எவாஞ்செலியன்ல இதுக்குத் தலைகீழ். ஆங்கிலத்துல ‘ஏஞ்சல்’னு வர்ற எதிரிகளுக்கு ஜப்பானிய வசனத்துல ‘ஷிதோ’ன்னு பேரு. தேவதூதனுக்குச் சொல் ‘தென்ஷி’. ஷிதோன்னா அப்போஸ்தலன், ஜப்பானிய வேதாகமத்துல அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்தோட தலைப்புல வர்ற அதே சொல். இங்க ஆங்கில வடிவம் தயாரிப்பாளர்களே திரையில போட்டதுதான், மொழிபெயர்ப்பாளர் தவறு இல்ல. ஆனாலும் ‘தேவதூதர்கள் ஏன் மனிதரைத் தாக்குறாங்க’ன்னு நீங்க அரைப்பக்கம் எழுதினா, ஜப்பானியரோட காதுல விழுந்த கேள்வி அது இல்ல.

அடுத்தது ‘ட்சுமி’. பாவம், குற்றம் ரெண்டுக்கும் அதே சொல்தான். நீதிமன்றத்துலயும் அது, ஜெபத்துலயும் அது. பழைய ஷிண்டோ சடங்கு மந்திரங்கள்ல ட்சுமின்னா தீட்டும் சேர்த்து. அதைக் கழுவிப் போக்கணும், மன்னிப்புக் கேட்கணும்னு இல்ல. அதனால சப்டைட்டில்ல ‘பாவம்’ங்கிற பொருள்ல சொல் வந்தா, காட்சி முடிவுல என்ன நடக்குதுன்னு பாருங்க. தண்டனை வந்தா குற்றம். கழுவுதல் வந்தா தீட்டு. ஒருத்தர் மன்னிச்சா, அப்போ பாவத்தைப் பத்திப் பேசலாம்.

இந்தச் சிக்கல் ரொம்பப் பழசு. 1549 ஆகஸ்ட்ல ககோஷிமாவுல இறங்கின பிரான்சிஸ் சேவியர், கடவுளுக்குச் சொல் தேடி முதல்ல ‘தைனிச்சி’ன்னு பிரசங்கிச்சார். அது மகாவைரோசன புத்தரோட பேரு. கேட்டவங்க இதுவும் ஒரு பௌத்தப் பிரிவுன்னு நினைச்சாங்க. விஷயம் புரிஞ்சதும் அதை விட்டுட்டு லத்தீன் ‘தேயுஸ்’ சொல்லையே ஜப்பானிய உச்சரிப்புல வச்சுக்கிட்டார். அவருக்கு நடந்தது நமக்கு எதிர்த்திசையில நடக்குது, அவ்வளவுதான்.

வேலை முறைன்னு கேட்டா: முதல் தடவை எந்த மொழியிலாவது கதையை முழுசாப் பாருங்க, நிறுத்தாதீங்க. ரெண்டாவது தடவை நீங்க எடுத்த மூணு நாலு காட்சியை மட்டும் ஜப்பானிய ஒலியோட பாருங்க; நிமிஷம், நொடி குறிச்சுக்கோங்க. முக்கியச் சொல்லை மட்டும் காதால பிடிச்சு அகராதியில பாருங்க. கடவுள், பாவம், மீட்பு, தேவதூதன், பலி ஆகிய ஐந்துக்கும் ‘காமி’, ‘ட்சுமி’, ‘சுகுய்’, ‘தென்ஷி’, ‘கிசெய்’. இந்த ஐந்தும் காதுக்குப் பழகிட்டாலே பாதித் தவறு நின்னுடும்.

---

சிற்றோடை:

இவ்வளவு விரிவான பதில்களுக்கு நன்றி. அப்படியானால் நான்கு கேள்வியையும் தாண்டி நிற்கிற தொடர் ஏதாவது உண்டா? ‘ஹைபானே ரென்மெய்’ பற்றிப் பலர் சொல்கிறார்கள். அதில் சிறகும் ஒளிவட்டமும் இருப்பதால் தள்ளிவைத்திருந்தேன்.

---

மூன்றாம்_சட்டகம்:

தள்ளாதீர்கள். மதில் சூழ்ந்த ஓர் ஊரில், முன்நினைவு இல்லாமல் பிறந்து சிறகும் ஒளிவட்டமும் பெறும் சிறுமிகளின் கதை அது; ரக்கா அவர்களில் புதியவள், ரெகி மூத்தவள். சிறகையும் ஒளிவட்டத்தையும் மறந்துவிட்டுப் பாருங்கள். சொல்லப்போனால் அந்தத் தொடரே அவற்றின் பகட்டைக் கழற்றிவிடுகிறது. ஒளிவட்டம் அச்சில் வார்க்கப்படுகிறது. ரக்கா தலையில் நிற்காமல் விழுவதால் கம்பி கட்டி நிறுத்துகிறார்கள். சிறகு முதுகைக் கிழித்துக்கொண்டு, காய்ச்சலும் ரத்தமுமாக முளைக்கிறது. 2002இல் வந்தது, 13 எபிசோடு, ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். படைத்தவர் அபே யோஷிதோஷி; முரகாமி ஹருகியின் நாவல் ஒன்றின் மதில் சூழ்ந்த ஊர் தனக்குத் தூண்டுதலாக இருந்ததைச் சொல்லியிருக்கிறார். அதாவது வித்து சுவிசேஷத்திலிருந்து வந்ததல்ல.

குறிப்பில் வைக்க வேண்டியவை இரண்டே இடம். முதலாவது 9ஆம் எபிசோடில், இந்தச் சிறுமிகளை வழிநடத்தும் பெரியவரான பேச்சாளர் ரக்காவுக்குப் போடும் புதிர். தன் பாவத்தை அறிந்தவனுக்குப் பாவம் இல்லை. அப்படியானால் நீ பாவியா? ரக்கா யோசிக்கிறாள். நான் பாவி என்று அறிந்தால் பாவம் இல்லாதவள் ஆகிறேன். பாவம் இல்லாதவள் என்று நினைத்த உடனே பாவி ஆகிவிடுகிறேன். இதற்குப் பெயர் பாவ வளையம், சுற்றிக்கொண்டே இருக்கலாம், வெளியே வர வழி தெரியாது என்கிறார் அவர். 1 யோவான் 1:8, 9 வசனங்களை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். நமக்குப் பாவமில்லை என்போமானால் நம்மையே வஞ்சிக்கிறோம். அறிக்கையிட்டால் மன்னிக்க ஒருவர் இருக்கிறார். 8ஆம் வசனம் வரை கதையும் நிருபமும் ஒரே தடத்தில் போகின்றன. 9இல் நிருபத்துக்கு வெளியே ஓர் ஆள் இருக்கிறார். கதைக்கு? ரக்காவைக் கிணற்றுக்கு அழைத்துப்போன பறவை. அவளை மன்னித்து, அவளை நினைத்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர். வளையத்தை உள்ளிருந்து உடைக்க முடியாது, வெளியிலிருந்து மன்னிப்பு வர வேண்டும் என்ற அமைப்பு கதைக்குள்ளேயே இருக்கிறது. நாம் கொண்டுபோய் வைத்ததல்ல.

இரண்டாவது 13ஆம் எபிசோடு. ரெகி ஏழாண்டுகளாக எல்லோருக்கும் நல்லது செய்கிறாள். ஏன் செய்தாள் என்பது அப்போதுதான் வெளிவருகிறது: நல்லவளாக இருந்தால் தனக்கு விடுதலை கிடைக்கும் என்று. செயலால் மீட்பைச் சம்பாதிக்க முயன்றிருக்கிறாள். சம்பாதிக்க முடியவில்லை. அவள் மனக்காட்சியில் அவளை மோத ரயில் வண்டி வருகிறது, ரக்கா கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறாள், ரெகி கூப்பிடாதவரை அவளால் எதுவும் செய்ய முடியாது. கடைசியில் ரெகி சொல்வது ஒரே சொல்: ‘தாசுகெதெ’. ‘உதவி செய்’ என்றும் பொருள், ‘காப்பாற்று’ என்றும் பொருள். தமிழிலும் ‘காப்பாற்று’ என்ற ஒரே சொல் வண்டிமுன் நிற்பவருக்கும் ஜெபத்துக்கும் பொருந்துகிறது அல்லவா, அதே மாதிரி. கூப்பிட்ட உடனே ரக்கா பாய்கிறாள்.

அவள் பெயரையும் கவனியுங்கள். பெட்டியில் அவளுக்கு வந்த உண்மைப் பெயர் ‘வண்டி ஏறி நசுக்கப்பட்டவள்’ என்ற பொருள் தரும் ரெகி. முடிவில் அதே ஒலி, வேறு எழுத்து: சிறுகல். வெளிப்படுத்தின விசேஷம் 2:17இல் ஜெயங்கொள்ளுகிறவனுக்கு ஒரு வெண்கல்லும் அதில் எழுதிய புதிய நாமமும் கொடுக்கப்படுகின்றன. படைத்தவர் அந்த வசனத்தை நினைத்தார் என்று எழுதாதீர்கள். இது ஜப்பானிய எழுத்து விளையாட்டிலிருந்து பிறந்தது. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டுங்கள், கூட்டம் தானாகவே அமைதியாகிவிடும்.

நான்காவது கேள்விக்கும் பதில் வைத்திருங்கள். அழைத்தால் மீட்பு என்பது சுகாவதி பௌத்தத்திலும் உண்டு. வித்தியாசம், ஹைபானேயில் அழைக்கப்படுபவர் புத்தரும் அல்ல, கடவுளும் அல்ல. அவளைப் போலவே பாவ வளையத்தில் சிக்கி வெளியே வந்த இன்னொரு சிறுமி. இரண்டு மரபுக்கும் இந்தக் கதை முழுமையாக ஒப்புக்கொடுக்கவில்லை.

---

தாமரைக்குளம்:

ஒப்புக்கொள்கிறேன். மன்னிப்பு இறந்துபோன ஒருவரின் நினைவாகப் பறவை வடிவில் வருவது ஜப்பானிய மனத்துக்கு மிக நெருக்கமானது என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

‘படைத்தவர் நினைக்காத’ என்ற சொல்லைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. நினைக்கவில்லை என்பதற்குச் சான்று வேண்டும். பேட்டி, ஸ்டோரிபோர்டு, தயாரிப்புக் குறிப்பு, இவற்றில் ஒன்றாவது. ‘நௌசிகா’ (1984) படத்தில் நாயகி இறந்து, தங்க நிறத் தொடுகொம்புகள்மேல் எழுந்து நிற்கும் முடிவைப் பார்க்கும் எவரும் உயிர்த்தெழுதல் என்பார்கள். பின்னாளில் ஜிப்லி தயாரிப்பாளரான சுசுகி தொஷியோ சொன்னது: இயக்குநர் மியாசாகி முதலில் வரைந்த முடிவில் ஓமு என்ற ராட்சதப் பூச்சிகளின் கூட்டம் அவள் முன் நின்றுவிடும், அவ்வளவே. பார்ப்பவருக்கு மனநிறைவு போதாது என்று சுசுகியும் படத்தின் தயாரிப்பாளர் தகஹதாவும் பேசி, இறந்து எழுவதை அவரிடம் கொண்டுபோனார்கள். ஆக அந்த உயிர்த்தெழுதல் ஒரு திரைக்கதை முடிவு. உங்கள் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு குறைவு.

‘டெத் நோட்’ ஆப்பிளை விட்டுவிடுங்கள். அதைத் தின்னும் மரண தேவன் ரியூக்கின் கரிய உடலுக்குச் சிவப்பு எடுப்பாக இருக்கும் என்பதற்காக வைத்ததாக எழுத்தாளர் ஓபாவே சொல்லியிருக்கிறார். ஆதியாகமத்திலும் பழத்துக்குப் பெயர் இல்லை. மாறாக 25ஆம் எபிசோடில் துப்பறிவாளன் எல், தான் தேடும் கொலையாளியான லைட்டின் ஈரப் பாதங்களைத் துடைத்துவிடும் காட்சியைப் பாருங்கள். அது மூலக் காமிக்ஸான மங்காவில் இல்லை, அனிமேக்காகச் சேர்த்தது. தன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறவனின் பாதத்தைத் தொடுவது யோவான் 13ஆம் அதிகாரம். நினைத்துத்தான் வைத்தார்களா என்ற கேள்வி அங்கே திறந்தே இருப்பதால் அதை ‘நினைக்காதது’ என்ற தலைப்பில் போடாதீர்கள்.

---

சொல்லகழி:

அதே மாதிரி ‘டோக்கியோ காட்ஃபாதர்ஸ்’ (2003), ‘வின்லேண்ட் சாகா’ ரெண்டையும் பட்டியல்ல சேர்க்காதீங்க. முதலாவது கிறிஸ்துமஸ் இரவுல, இயேசு பிறப்பு நாடகத்தோட ஆரம்பிக்கிற படம். குழந்தைக்குக் கியோகோன்னு பேர் வைக்கிறதே ‘சைலண்ட் நைட்’ பாட்டோட ஜப்பானிய முதல் வரியிலிருந்து. ரெண்டாவது கிறிஸ்தவர்களே பாத்திரங்களா வர்ற வைகிங் கதை. முதல் சீசன் 18ஆம் எபிசோடுல பாதிரியார் அன்புன்னா என்னன்னு வாதிடறது திட்டமிட்டு வச்சது. ரெண்டுமே அருமையான படைப்பு, ஆனா உங்க தலைப்பு வேற.

இன்னொண்ணு, ‘ஜப்பானியருக்குக் கிறிஸ்தவமே தெரியாது’ன்னு முன்னுரையில எழுதிடாதீங்க. கிறிஸ்தவர்கள் ஒரு சதவீதம் அளவுதான். ஆனா 1597 நாகசாகி இரத்தசாட்சிகள், 1614 தடை, 1873 வரைக்கும் மறைஞ்சு வாழ்ந்த விசுவாசிகள், இதெல்லாம் அவங்க பள்ளிப் பாடத்துல வர்ற வரலாறு. தெரியாம வந்ததுக்கும் நினைக்காம வந்ததுக்கும் வித்தியாசம் உண்டு.

---

சிற்றோடை:

குறிப்பை இப்படி அமைக்கிறேன்: ஒவ்வொரு காட்சிக்கும் கதையின் சட்டம் ஒரு வரி, நிமிடம் நொடி, ஜப்பானியச் சொல், நான்கு கேள்விக்கான பதில், பொருந்தாத இடம். ஹைபானே 9, 13, பிரதர்ஹுட் 64, மடோகா 12, நௌசிகா முடிவு. எவாஞ்செலியன் ‘இப்படித் தேடக்கூடாது’ என்பதற்கு முன்னுரையில் மட்டும். வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா?

---

மூன்றாம்_சட்டகம்:

வினைச்சொல்லை மட்டும் கவனியுங்கள். பேட்டியில் சான்று இருந்தால் ‘வைத்தார்’. காட்சியமைப்பில் யாரும் சுட்டிக்காட்டக்கூடிய அளவுக்கு இருந்தால் ‘இருக்கிறது’. உங்கள் விசுவாசத்தால் மட்டும் தெரிவதென்றால் ‘எனக்குக் கேட்கிறது’. ஹைபானே 13க்கு ‘இருக்கிறது’ என்று துணிந்து எழுதலாம். வெண்கல்லுக்கு ‘எனக்குக் கேட்கிறது’ போதும். பிரதர்ஹுட்டில் ஹோஹென்ஹைம் மறுக்கப்படும் காட்சியைப் பட்டியலில் விட்டுவிட்டீர்கள், அதையும் சேருங்கள். 64ஐ அதோடு சேர்த்துக் காட்டினால்தான் வின்ரியின் வாக்கியத்துக்கு எடை வரும்.